பள்ளி ஓட்டக்காரருக்கு ஸ்டார்ட்டிங் பிளாக் அமைப்பது எப்படி

கல்லூரியில் ஓடியவர் ஆசிரியராகிப் பள்ளித் தடகளக் குழுவை ஏற்றதும், புறப்படும்போது பாதங்களை ஊன்றி உந்துவதற்கான இரண்டு தட்டுள்ள சட்டமான பிளாக்கைத் தன் அளவிலேயே பிள்ளைகளுக்கும் வைத்துக் கொடுத்துவிடுகிறார். எடை தூக்கிப் பழகிய 20 வயதுக் காலுக்குச் சரியான அளவில் 13 வயதுப் பிள்ளை முடங்கிக் கிடக்கும். முதல் அடியிலேயே தடுமாறும். ஆளாளுக்கு அளந்துதான் வைக்க வேண்டும்.

இது சின்ன விஷயமல்ல. ஆசிரியராகவும் இருந்த சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தச் சிங்கப்பூர்ச் சாதனையை யு. கே. ஷியாம் 2001இல்தான் முறியடித்தார், 10.37இல். 33 ஆண்டுக்கு ஒரு நூறில் ஒரு பங்கு விநாடி!

முதலில் எந்தக் கால் முன்னே என்று பாருங்கள். பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, விழப்போகும் வரை முன்னே சாயவிடுங்கள். தானாக முன்வரும் கால் பின் பிளாக்குக்கு. மூன்று முறையாவது பார்த்து முடிவு செய்யுங்கள். எழுதும் கையை வைத்து ஊகிக்க வேண்டாம்.

ஸ்பைக் காலணியோடு, பிள்ளையின் பாதத்தாலேயே அளக்கவும். கோட்டிலிருந்து முன் தட்டு இரண்டு பாதம், பின் தட்டு மூன்று பாதம். இது தொடக்க அளவு மட்டுமே. காலில் வலு குறைவென்றால் இரண்டையும் அரைப் பாதம் பின்னே தள்ளுங்கள். முன் தட்டின் சாய்வு 45 டிகிரியை ஒட்டி, பின் தட்டு இன்னும் சற்று நிமிர்ந்து.

‘செட்’ என்றதும் இடுப்பை உயர்த்தி அசையாமல் காத்திருக்கும் நிலையில், இடுப்பு தோளைவிடச் சற்று உயரம். முன் முழங்கால் 90 டிகிரி, பின் முழங்கால் 120 முதல் 130. பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படமெடுத்துப் பிள்ளைக்கே காட்டுங்கள். கைகள் நடுங்கினால் பாரமெல்லாம் விரல்களில் இறங்கிவிட்டது என்று பொருள். “இரண்டு தட்டையும் அழுத்து” என்று சொன்னால் போதும், பெரும்பாலும் சரியாகும்.

புறப்பட்டதும் நிமிர்ந்துவிடும் பிள்ளையிடம் “குனிந்தே ஓடு” என்று கத்துவதில் பயனில்லை. அப்படிச் சொன்னால் தலையை மட்டும் தொங்கவிட்டு ஓடும். குறை கழுத்தில் இல்லை, முன்காலின் உந்தலில். சில வாரம் பிளாக்கை ஒதுக்கிவிட்டு, நின்ற நிலையில் சாய்ந்து புறப்படும் ஓட்டமும் மேட்டு ஓட்டமும் கொடுங்கள்.

‘செட்’டுக்கும் விசிலுக்கும் இடைவெளியை ஒரே மாதிரி வைக்காதீர்கள். ஒன்றரை விநாடி, இரண்டரை விநாடி என மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை ஒலியைக் கேட்காமல் எண்ணிப் புறப்படும். 2010 முதல் உலகத் தடகள விதிப்படி, ஒரே தவறான புறப்பாட்டுக்கே வெளியேற்றம்.

ஒரு நாளைக்கு 20 மீட்டர் புறப்பாடு ஆறு போதும், நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. வேகம் தளர்ந்தால் நான்கிலேயே நிறுத்துங்கள். களைப்பில் பழகுவது கோணலாகவே பதியும். பிற்பகல் மூன்று மணிக்குச் செயற்கைத் தடம் விரல்களைச் சுடும், ‘செட்’டில் நிலைக்க முடியாது. ஐந்து மணிக்குமேல் வையுங்கள். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் உடனே திடலைவிட்டு வெளியேறி, கூரையுள்ள கூடத்தில் ஸ்பைக்கைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து புறப்படும் பயிற்சியைத் தொடரலாம்.

ஒவ்வொருவர் அளவையும் நோட்டில் குறித்து வையுங்கள். இந்த வயதில் காலும் பாதமும் வேகமாக வளரும். தவணைக்கு ஒருமுறை மறுபடி அளந்து திருத்துங்கள்.