கயாக்கில் துளை போடுவதற்கு முன்னால்

நான் மீன்பிடிக்கப் போகும் கயாக்கில், அதாவது இருபக்கத் துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகில், அடைத்து வைத்த துளைகள் ஆறு இருக்கின்றன. எல்லாமே வாங்கிய முதல் வாரத்தில் போட்டவை. தூண்டில் கோல் ஹோல்டரின் அடித்தட்டுக்கு நாலு, தண்ணீருக்குள் ஒலி அனுப்பி மீனையும் ஆழத்தையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டருக்கு ரெண்டு. யாரோ வீடியோவில் பொருத்தியிருந்த இடத்திலேயே நானும் பொருத்தினேன். தண்ணீரில் இறங்கித் துடுப்பைப் போட்டதும் 'டக்' என்று ஹோல்டரில் இடித்தது. இடது பக்கம் சரி. மறுபடி வலது பக்கம், 'டக்'. அவருடைய கை நீளமும் என் கை நீளமும் ஒன்றில்லை என்பது அன்று சாயங்காலம்தான் உறைத்தது.

அதனால் புதிதாகக் கயாக் வாங்கியவர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். நாலைந்து முறை மொட்டைப் படகாகவே எடுத்துப் போங்கள். கோலை எங்கே சாய்க்கிறீர்கள், குறடை எடுக்கக் கை எந்தப் பக்கம் போகிறது, மீனை எந்தப் பக்கமாக உள்ளே இழுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். கரைக்கு வந்ததும் படகைத் துடைத்து, அந்த இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அப்புறம் தரையில் வைத்து ஏறி உட்கார்ந்து, ஹோல்டர் வரப்போகும் இடத்தில் ஒரு காகிதக் கோப்பையை ஒட்டிவிட்டுத் துடுப்பை இருபது முப்பது தடவை வீசிப் பாருங்கள். கோப்பை தப்பித்தால் டிரில்லை எடுக்கலாம்.

ஆனால் முதல் செலவு டிரில் வேலைக்கு இல்லை, துடுப்புக்கு. படகோடு வந்த அலுமினியத் தண்டுத் துடுப்பு என்னிடம் 1.2 கிலோ இருந்தது. இப்போதைய கார்பன் தண்டு 800 கிராம். 400 கிராமில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். நிமிடத்துக்கு 40 வீச்சு என்றால் மணிக்கு 2,400 தடவை அந்த எடையைத் தூக்குகிறோம். தோளைக் கேட்டால் தெரியும். இருக்கையை உயரமானதாக மாற்றினால் துடுப்பின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 230 செ.மீ. போதுமாக இருந்த எனக்கு, இருக்கை ஏறியதும் 250 தேவைப்பட்டது. இல்லையென்றால் துடுப்பு தண்ணீருக்கு எட்டுவதற்கு முன் கை விரல் படகின் விளிம்பில் தேயும். தண்டில் ஐந்து ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் அதுவே மீன் அளக்கும் ஸ்கேல். உயர இருக்கையில் இன்னொரு விஷயமும் உண்டு: நன்றாகத் தெரியும், முதுகு வலிக்காது, ஆனால் படகு முன்பைவிட ஆடும். உங்கள் சமநிலை எப்படி என்று தெரிந்த பிறகு ஏறுங்கள்.

இப்போது துளை. கயாக் பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதன் மேல் எந்தப் பசையும் உருப்படியாக ஒட்டாது. ஒட்டுகிற ஹோல்டர் ஒரு வெயில் காலம் தாங்கினால் பெரிது. போல்ட் போடுவதே மேல். இடத்தில் டேப் ஒட்டி, பென்சிலால் குறித்து, உள்ளே கையை விட்டுப் பின்னால் ஸ்டியரிங் ஒயரோ தெர்மாகோல் தாங்கியோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முதலில் 3 மி.மீ. பிட், அப்புறம் சரியான அளவு. வேகம் குறைவாகவே இருக்கட்டும், வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும். துளையின் ஓரத்தைப் பிசிறு இல்லாமல் வழித்துவிடுங்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயும், அடிவரை போகும் வடிகால் துளைகளுக்குப் பக்கத்திலேயும் கை வைக்கவே வேண்டாம்.

உள்ளே கை எட்டினால் பெரிய வாஷர், நைலான் பூட்டு நட். எட்டாத இடத்துக்கு வெல்நட் என்று ஒன்று கிடைக்கும். ரப்பர் உறைக்குள் பித்தளை நட். வெளியிலிருந்து போல்ட்டை முறுக்க முறுக்க ரப்பர் உள்ளே உப்பிப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரையும் அடைக்கும். மற்ற போல்ட்டுகளுக்குக் கீழே படகுக்கான சீலன்ட் ஒரு வளையம். அது ஒட்டுவதற்காக இல்லை, அழுத்தத்தில் நசுங்கி இடைவெளியை நிரப்புவதற்காக. பலம் போட்டு இறுக்காதீர்கள். பிளாஸ்டிக் மெதுவாக விட்டுக்கொடுக்கும். ரெண்டு மூணு பயணம் கழித்து இன்னொரு கால் சுற்று இறுக்கினால் போதும். கடல் தண்ணீர் என்றால் 316 தர ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். அலுமினியத்தோடு ஸ்டீல் போல்ட் சேர்கிற இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவாவிட்டால், உப்புத் தண்ணீரில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். அப்புறம் போல்ட் கழலாது.

இவ்வளவு பாடுபட்டுப் போடுகிற துளை ஒரே பொருளுக்குப் போவதைவிட, ஒரு டிராக்குக்குப் போகட்டும். நீளமான அலுமினியத் தண்டவாளம். ஹோல்டர், கேமரா, ஃபிஷ் ஃபைண்டர் எதையும் அதில் நகர்த்தி எங்கே வேண்டுமானாலும் இறுக்கலாம். முதல் வாரமே இதைச் செய்திருந்தால் ஆறு துளை மிச்சம்.

பின்பக்கத்துக்குப் பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்று போதும். பிவிசி பைப்பை வெட்டி நாலு மூலையிலும் கேபிள் டையால் கட்டினால் கோல் ஹோல்டர். கழட்டவும் சுலபம்.

நங்கூரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் உயிர் விஷயம். நீரோட்டத்தில் படகின் நடுப் பக்கத்தில் கயிற்றைக் கட்டினால் படகு குறுக்கே திரும்பும், தண்ணீர் ஒரு பக்கம் மோதும், அந்த விளிம்பு அமுங்கும், கவிழும். கயிறு முன்முனையிலோ பின்முனையிலோ இருந்துதான் போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து முனைக்குக் கை எட்டாதே! அதற்குத்தான் ஆங்கர் டிராலி. இரண்டு முனையிலும் ஒரு சிறு கப்பி, இடையில் சுற்றி ஓடும் மெல்லிய கயிறு, அதில் ஒரு வளையம். நங்கூரக் கயிற்றை வளையத்துக்குள் விட்டு, ஓடும் கயிற்றை இழுத்தால் வளையம் முனைக்குப் போகும். திரும்ப இழுத்தால் உங்கள் கைக்கு வரும். கயாக்குக்கு 1.5 கிலோ மடக்கு நங்கூரமே போதும், ஆனால் கயிறு தாராளமாக வேண்டும். ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது விடாவிட்டால் நங்கூரம் பிடிக்காமல் இழுபடும். கயிற்றின் கடைசியில் ஒரு மிதவையும், ஒரே இழுப்பில் அவிழும் கொக்கியும் இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டில் கயிறு அறுக்க ஒரு கத்தி. ஓட்டம் வேகமாக இருந்தால் நங்கூரமே போடாதீர்கள்.

ஃபிஷ் ஃபைண்டரில் ஒலியை அனுப்பி வாங்கும் பாகமான ட்ரான்ஸ்டூசருக்காகப் படகின் அடியில் துளை போட வேண்டாம், படகுக்கு உள்ளேயே வைக்கலாம். பிளாஸ்டிக் வழியே ஒலி போகும், காற்று வழியேதான் தடைபடும். முதல் தடவை நான் சிலிகானில் அழுத்தி ஒட்டினேன். உள்ளே குமிழ்கள். திரையில் எப்போதும் மழை பெய்கிற மாதிரி புள்ளிகள். பிய்த்து எடுத்து, ஃபோமில் சின்னத் தொட்டி மாதிரி வெட்டி ஒட்டி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ட்ரான்ஸ்டூசரை உட்கார வைத்தேன். மழை நின்றது. சாதாரண சோனாருக்கு இது போதும். பக்கவாட்டில் படம் காட்டும் வகைக்குச் சரிவராது, அதை வெளியே தண்ணீரில்தான் தொங்கவிட வேண்டும். தண்ணீர் வெப்பநிலையையும் உள்ளிருந்து நம்ப முடியாது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 2 கிலோவுக்கு மேல், அதையும் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் கெடும். அரை ஆம்பியர் இழுக்கும் ஃபைண்டருக்கு ஏழு மணி நேரம் என்று கணக்கு. அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறக்குறைய பாதி எடை, நேரமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. எதுவானாலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் போடுங்கள், சார்ஜ் போடும்போது படகிலிருந்து வெளியே எடுங்கள்.

பொய் இரைகளில் மூன்று முள் கொத்தைக் கழட்டி ஒற்றை முள் மாட்டுங்கள். கயாக்கில் மீன் துள்ளும் இடம் நம் இரண்டு தொடைக்கு நடுவே. ஒரு முள் மீனின் வாயிலும் இன்னொன்று என் கால்சட்டையிலுமாக நாங்கள் இருவரும் துடித்த அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

அதிகாலையில் போகிறவர்களுக்கு: 1972 கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி துடுப்புப் படகு, விளக்கு பொருத்தியிருக்காவிட்டால், வெள்ளை ஒளி தரும் டார்ச்சைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, மோதல் நேராதபடி முன்கூட்டியே காட்ட வேண்டும். நான் கம்பத்தில் எப்போதும் எரியும் விளக்கும் வைத்திருக்கிறேன்.

எல்லாம் மாட்டி முடித்ததும் லைஃப் ஜாக்கெட் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் நீங்களே கவிழ்த்துப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். விலை உயர்ந்த கோலுக்குப் பதில் ஒரு குச்சி. எது மூழ்குகிறது, எந்தக் கட்டுக்கயிறு காலில் சுற்றுகிறது என்று தெரியும். திரும்ப ஏறும்போது வயிற்றால் விளிம்பில் தவழ வேண்டும். நான் தவழ்ந்த இடத்தில் சரியாக ஹோல்டர் நின்று விலாவில் குத்தியது. டிராக்கில் இருந்ததால் திருகைத் தளர்த்தி ஒரு சாண் முன்னே தள்ளினேன். மறுபடி கவிழ்த்து, மறுபடி ஏறினேன். துடுப்பையும் வீசிப் பார்த்தேன், இடிக்கவில்லை.