டர்பனிலிருந்து கொரிய எல்லைக்கு: போகும் வழியும் வாங்கும் முறையும்

டர்பனில் கல்யாணமும் காவடியும் படம் எடுப்பது என் தொழில். போன ஆண்டு மனைவி, மகள், பக்கத்து வீட்டு மாமா, நான் என நான்கு பேர் தென்கொரியா போய் வந்தோம். அதிலிருந்து கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். வட கொரியாவை எட்டிப் பார்க்கும் அந்த எல்லைக்கு எப்படிப் போவது? அங்கே கேமரா, ஃபோன் வாங்கினால் லாபமா? ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பாஸ்போர்ட். மாமா இங்கேயே பிறந்தவர், தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட். அவருக்கு விசா வேண்டாம். கே-ஈட்டிஏ என்ற இணைய அனுமதி மட்டும் போதும், கட்டணம் கொரியப் பணத்தில் 10,000 வொன். நாங்கள் மூவரும் இந்தியப் பாஸ்போர்ட். எங்களுக்கு விசா கட்டாயம், பிரிட்டோரியாவில் உள்ள கொரியத் தூதரகத்தில் எடுக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு வகைப் பாஸ்போர்ட் இருந்தால் விசா கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

அடுத்தது, பலரும் விட்டுவிடும் வேலை. கையில் கொண்டுபோகும் பழைய கேமரா, லென்ஸ், லேப்டாப் எல்லாவற்றையும் நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே சுங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயணத்தில் நான் இதைச் செய்யவில்லை. திரும்பி வந்து இறங்கியபோது பையில் இருந்த இரண்டு லென்ஸையும் காட்டி, எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். இங்கேயே வாங்கியதுதான், ஆனால் ரசீது வீட்டில். வீட்டுக்கு ஃபோன் போட்டு, மனைவி பீரோவைக் கிளறி, ரசீதைப் படம் பிடித்து அனுப்பும் வரை இரண்டு மணி நேரம் நின்றேன்.

இந்த முறை கிளம்புவதற்கு முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து எல்லாவற்றையும் அடுக்கினேன். கேமராவின் சீரியல் எண் அடிப்பக்கத்தில் இருக்கும். லென்ஸில், கேமராவோடு பொருத்தும் மவுண்ட் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், டார்ச் அடித்துத்தான் படிக்க முடிந்தது. மகள் எண்களை வாசித்தாள், நான் எழுதினேன். மறுநாள் பெட்டியைச் செக்-இன் போடுவதற்கு முன்பே சுங்க மேசைக்குப் போய் பொருளையும் பட்டியலையும் காட்டி முத்திரை வாங்கிக்கொண்டோம். அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லைக்கு வருவோம். 1953 ஜூலை 27 அன்று கொரியப் போர் நிறுத்தம் கையெழுத்தானது. நடுவே ஒரு கோடு, அதற்கு இரு பக்கமும் இரண்டிரண்டு கிலோமீட்டர், ஆக நான்கு கிலோமீட்டர் அகலத்தில் தீபகற்பத்தின் குறுக்கே ஓடுகிறது அந்தப் பகுதி. படையில்லாப் பகுதி என்று பெயர், சுற்றிலும் படைதான். நாமாகக் கார் எடுத்துக்கொண்டு உள்ளே போக முடியாது, பஸ் பயணத்தில்தான் சேர வேண்டும். சியோலிலிருந்தே கூட்டிப்போகும் பயணங்கள் உண்டு. எல்லைக்கு அருகே இருக்கும் இம்ஜின்காக் வரை சொந்தமாகப் போய், அங்கே டிக்கெட் வாங்கியும் பஸ் ஏறலாம். ஆனால் அங்கே முதலில் வந்தவர்களுக்குத்தான் இடம். வயதானவர்களோடு போகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்த பயணத்தில் போவதே நல்லது.

இம்ஜின் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் இடத்தில் ராணுவ வீரர் பஸ்ஸில் ஏறி ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் பார்ப்பார். நகல் செல்லாது, ஃபோனில் இருக்கும் படமும் செல்லாது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிவு செய்திருந்தோம். மாமா பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையின் பெட்டகத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். பஸ் கிளம்பும் இடத்திலேயே கேட்டார்கள், கையில் இல்லை. அவரை மட்டும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, நால்வரும் இறங்கிவிட்டோம். மறுநாள் திங்கள், அன்று எல்லைப் பயணம் கிடையாது. செவ்வாய்க்கிழமைக்கு மறுபடி பணம் கட்டித்தான் போனோம். அதனால் சொல்கிறேன், எல்லையைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள், ஞாயிறு வேண்டவே வேண்டாம். செவ்வாயோ புதனோ போட்டால், தவறினாலும் அடுத்த நாள் கையில் இருக்கும்.

இரண்டு நாட்டு வீரர்களும் எதிரெதிரே நிற்கும் அந்த நீலக் கொட்டகைகளை எல்லோரும் கேட்கிறார்கள். அது பான்முன்ஜோம், தனிப் பயணம். 2023 ஜூலையில் அமெரிக்க வீரர் ஒருவர் அங்கே எல்லைக் கோட்டைத் தாண்டி வடக்கே ஓடியதும் அந்தப் பயணத்தை நிறுத்தினார்கள். சாதாரண எல்லைப் பயணத்தில் அது சேராது. அதற்காக ஏமாற வேண்டாம், மற்ற இடங்களே ஒரு நாளுக்கு நிறைய.

மூன்றாம் சுரங்கம் 1978-ல் கண்டுபிடித்தது. படை அனுப்புவதற்காக வடக்கிலிருந்து தெற்கே ரகசியமாகப் பாறையைக் குடைந்து வந்திருக்கிறார்கள். தரையிலிருந்து 73 மீட்டர் ஆழம், நீளம் 1,635 மீட்டர். ஃபோனையும் கேமராவையும் மேலேயே பூட்டி வைத்துவிட வேண்டும், தலைக்குக் கவசம் தருவார்கள். செங்குத்தான சரிவில் இறங்கினால் உள்ளே ஈரக் குளிர், தலைக்கு மேல் பாறையில் கவசம் டக் டக்கென்று இடிக்கும். சுவரில் கரிப் பூச்சைப் பார்த்தேன். நிலக்கரி வெட்டினோம் என்று சொல்வதற்காகப் பூசினார்களாம். விரலால் தடவினால் கறுப்பு ஒட்டுகிறது, அடியில் இருப்பதோ கருங்கல். இறங்குவது எளிது, ஏறுவதுதான் பாடு. முழங்கால் வலி உள்ளவர்கள் சரிவு நடையைத் தவிர்த்துவிடுங்கள். மாமா மேலேயே உட்கார்ந்து நாங்கள் கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டார்.

தோரா காட்சி மேடையில் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். வடக்கே 160 மீட்டர் உயரக் கம்பத்தில் அவர்கள் கொடி தெரியும். காலை வெளிச்சம் நமக்குச் சாதகம், மதியத்துக்கு மேல் மங்கல் கூடிவிடுகிறது. காலைப் பயணத்தையே எடுங்கள். எந்தத் திசையில் படம் எடுக்கலாம் என்று வழிகாட்டி சொல்வதை அப்படியே கேளுங்கள், நடுவில் ராணுவக் காவல் இடங்கள் இருக்கின்றன. தோராசான் ரயில் நிலையத்தில் ஒரு பலகை: சியோல் 56 கிலோமீட்டர், பியோங்யாங் 205 கிலோமீட்டர். டர்பனிலிருந்து நியூகாசில் போகிற தூரம்கூட இல்லை. அதன் முன் மகளை நிறுத்திப் படம் எடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சியோலில் யோங்சான் பகுதியில் போர் நினைவகம் இருக்கிறது. கொரியப் போரில் உயிர்விட்டவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க விமானப்படையின் இரண்டாம் பிரிவு, ‘பறக்கும் சீட்டா’ என்று பெயர் பெற்றது, அந்தப் போரில் சண்டையிட்டது. இந்தியா அனுப்பிய 60-ஆவது பாராசூட் மருத்துவப் படைக்குத் தலைமை ஏற்றுப் போனவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். மாமாவின் நாடும் என் நாடும் அந்தக் குளிரில் நின்றிருக்கின்றன என்று எண்ணியபோது நெஞ்சு கனத்தது. எலக்ட்ரானிக்ஸ் சந்தையும் அதே யோங்சானில்தான், அதனால் இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள்.

அங்கே பல கடைகளில் விலைச் சீட்டு இருக்காது. தனாவா என்ற விலை ஒப்பிடும் தளத்தில் மாடல் எண்ணைத் தட்டி, அன்றைய விலையைத் திரையில் காட்டியபடி பேசுங்கள். பணத்தை அவர்கள் ‘மான்’ கணக்கில் சொல்வார்கள், ஒரு மான் பத்தாயிரம். பத்து மான் என்றால் நமக்கு ஒரு லட்சம், தமிழில் எண்ணுகிறவர்களுக்கு இது சுலபம். ‘ஜொங்பும்’ என்றால் கம்பெனி வழியாக வந்த சரக்கு. கம்பெனி வழியாக வராத இணை இறக்குமதிச் சரக்கு விலை குறையும், ஆனால் கம்பெனி உத்தரவாதம் இருக்காது. எதுவானாலும் உத்தரவாதம் உலகம் முழுக்கச் செல்லுமா என்று அட்டையைப் பார்த்தபின் காசைக் கொடுங்கள்.

ஃபோன் வாங்காதீர்கள். அங்கே விற்கும் ஃபோன்களில் படம் எடுக்கும் சத்தத்தைப் பொதுவாக அணைக்க முடியாது, ஒளிந்து படம் எடுப்பதைத் தடுக்க வைத்த ஏற்பாடு. முன்பொரு முறை தெரிந்தவர் வழியாக அங்கிருந்து வரவழைத்த ஃபோன் ஒன்று மகளிடம் இருந்தது. கோயிலில் தீபாராதனை நேரத்தில் அவள் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் க்ளிக் க்ளிக் என்று கேட்டு, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொரிய லேப்டாப்பின் விசைப்பலகையில் அவர்கள் எழுத்தும் சேர்ந்திருக்கும். என் மனைவிக்குக் குக்கூ என்ற கொரியக் கம்பெனியின் பிரஷர் ரைஸ் குக்கர் மேல் ஆசை. கடைக்காரம்மா பட்டனை அழுத்தியதும் அது கொரிய மொழியில் பேசியது. மின்சாரம் அங்கே 220 வோல்ட், நம்முடையது 230, சோறு வெந்துவிடும். ஆனால் பழுதானால் இங்கே யாரிடம் கொடுப்பது? கனம் வேறு. வேண்டாம் என்று நானே தடுத்தேன்.

வாங்கலாம் என்று நான் துணிந்து சொல்வது லென்ஸ், மெமரி கார்டு, படங்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி. பவர் பேங்க் வாங்குவதானால் கணக்குப் பாருங்கள்: 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 74 வாட்-மணி. நூறுக்குள் இருந்தால் கைப்பையில் வரலாம், பெட்டியில் போடக் கூடாது. துபாய் வழி எமிரேட்ஸில் வருகிறவர்களுக்கு 2025 அக்டோபரிலிருந்து ஆளுக்கு ஒன்றுதான், விமானத்தில் அதைப் பயன்படுத்தவும் கூடாது.

நான் ஒரு லென்ஸ் வாங்கினேன், 7,20,000 வொன். அன்றைய மாற்றுக்கு ஏறக்குறைய 9,000 ராண்ட். டர்பனில் அதற்குக் கேட்டது 12,400. வரி திருப்பித் தரும் கடையா என்று கேட்டு, பாஸ்போர்ட்டைக் காட்டி ரசீது வாங்கினேன். 15,000 வொன்னுக்கு மேல் வாங்கினால் போதும், மூன்று மாதத்துக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே வரி 10 சதவீதம், இடைக் கட்டணம் போக எனக்குக் கைக்கு வந்தது 630 ராண்ட் அளவு. பெட்டியை விமானத்தில் ஏற்றிவிட்டு அங்கே சுங்கத்தில் பொருளைக் காட்ட முடியாது, அதனால் லென்ஸைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

இங்கே இறங்கியதும், வாங்கிவந்ததைச் சுங்கத்தில் சொல்லும் சிவப்பு வழி. ஆளுக்கு 5,000 ராண்ட் வரை வரியில்லை. அதற்கு மேல் இன்னும் 20,000 ராண்ட் வரை நேராக 20 சதவீதம் கட்டிவிடலாம். அதையும் தாண்டினால் சுங்க வரியும் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் தனித்தனியாக வரும். இந்தச் சலுகை 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு, 30 நாளில் ஒரு முறைதான். நான்கு பேரின் ஐயாயிரத்தையும் கூட்டி ஒரே பொருளுக்குக் கணக்குக் காட்ட முடியாது. எனக்கு 4,000-க்கு 20 சதவீதம், 800 ராண்ட் ஆனது. பழைய சாமான்களுக்கு முத்திரைத் தாளை நீட்டினேன். அதிகாரி இரண்டு எண்ணை மட்டும் சரிபார்த்தார், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அன்றிரவே புதிய லென்ஸின் எண்ணையும் அந்தப் பட்டியலின் கடைசி வரியில் ஏற்றி, வரி கட்டிய ரசீதைச் சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.