டிரான்சிஸ்டர் பொருத்தம்: அனலாக் லேஅவுட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே சில்லில் அருகருகே வரையப்பட்ட இரு டிரான்சிஸ்டர்கள்கூட முற்றிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆனால் புதிதாக லேஅவுட் (சில்லில் பாகங்கள் அமையும் வரைபடம்) வரைபவர்களில் பலர், ஏ, பி என்ற இரு டிரான்சிஸ்டர்களின் ஃபிங்கர்களை (ஒவ்வொன்றையும் பிரித்து வரையும் இணைத் துண்டுகளை) ‘ஏபிபிஏ’ என்று வரிசைப்படுத்திவிட்டாலே பொருத்தம் கிடைத்துவிடும் என நம்பிவிடுகிறார்கள். இரண்டின் மையமும் ஒரே புள்ளியில் விழும் அத்தகைய காமன் சென்ட்ராய்டு அமைப்பு, ஆக்சைடின் தடிமன் போன்றவை ஒரு திசையில் சீராகக் கூடுவதாலோ குறைவதாலோ வரும் வேறுபாட்டை மட்டுமே ஈடுசெய்யும். மாசு அணுக்கள் தற்செயலாகப் பரவியிருப்பதால் வரும் வேறுபாட்டை அது தொடுவதே இல்லை. பெல்க்ரோமும் அவருடைய சகாக்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தற்செயல் வேறுபாடு, டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டின் பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது, அதைப் பாதியாக்கப் பரப்பை 4 மடங்காக்க வேண்டும். சுற்றை வடிவமைக்கும்போதே தீர்மானிக்க வேண்டிய அளவை லேஅவுட் வரைபவரின் தலையில் கட்டுவது நியாயமன்று.

1:4 விகிதக் கரண்ட் மிரருக்கு (ஒரு மின்னோட்டத்தைக் குறித்த விகிதத்தில் நகலெடுக்கும் சுற்றுக்கு) ஒரு டிரான்சிஸ்டரின் அகலத்தை 4 மடங்காக வரைவது இன்னொரு தவறு. வரைந்த அகலத்தில் 0.1 மைக்ரோமீட்டர் குறைந்து போவதாகக் கொண்டால், 2-க்கு 8 என்று வரைந்தது 1.9-க்கு 7.9 ஆகி, விகிதம் ஏறத்தாழ 4.16 ஆகிவிடும். ஒரே அளவுள்ள அலகுகளை எண்ணிக்கையால் பெருக்கினால் இந்தப் பிழை எழாது. அலகுகள் அனைத்தும் ஒரே திசையில் இருப்பதும் அவசியம்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் வழுக்கி விழும் இடம், டிரான்சிஸ்டரின் இன்னொரு முனையான சோர்ஸின் இணைப்பு. 10 ஓம் தடையுள்ள உலோகக் கோட்டில் 100 மைக்ரோஆம்பியர் பாய்ந்தால் 1 மில்லிவோல்ட் இழப்பு உண்டாகும். ஜிஎம் (கேட் மின்னழுத்தம் மாறும்போது மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்ற அளவு)–மின்னோட்ட விகிதம் வோல்ட்டுக்கு 10 என இருக்கும் மிரரில் அதுவே ஏறத்தாழ 1 சதவீத மின்னோட்டப் பிழை. லேஅவுட்டைச் சுற்றுப்படத்துடன் ஒப்பிடும் எல்விஎஸ் சோதனை இதைக் காட்டாது, ஏனெனில் இணைப்புகள் சரியாகத்தான் இருக்கின்றன. லேஅவுட்டிலிருந்து தடைகளைப் பிரித்தெடுத்துச் செய்யும் சிமுலேஷனில்தான் அது வெளிப்படும்.

வரிசையின் இரு முனைகளிலும் டம்மிகளை (ஓரத்து அலகுகளுக்கும் மற்றவற்றைப் போன்ற சூழலைத் தரும், வேலை செய்யாத டிரான்சிஸ்டர்களை) வைக்காமல் விடுவதும், வைத்தபின் அவற்றின் கேட்டை எங்கும் இணைக்காமல் மிதக்க விடுவதும் கூடாது. என்மாஸ் (என் வகை டிரான்சிஸ்டர்) டம்மியின் கேட்டைத் தரையுடன் இணைத்து அணைத்து வைக்க வேண்டும். வெல்லின் (டிரான்சிஸ்டர்கள் அமையும், மாசு அணுக்கள் சேர்த்த பகுதியின்) விளிம்புக்கு மிக அருகே ஒரு சாதனமும் தொலைவில் அதன் இணையும் இருந்தால் அவற்றின் த்ரெஷோல்டு (டிரான்சிஸ்டர் இயங்கத் தொடங்கும்) மின்னழுத்தங்கள் மாறுபடும் என்பதால், டம்மிகளுக்கு அப்பாலும் வெல்லைச் சற்றுத் தாராளமாக நீட்டுவது நல்லது.