திருகோணமலையில் பணியாற்றிய ஒரு படைப்பிரிவின் வரலாற்றை எழுதுவது எப்படி

உப்புவெளியில், நிலாவெளி வீதியை ஒட்டியுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லின் முன் குனிந்து பார்த்தால், படைவீரரின் இலக்கம், பதவி, பெயர், படையின் பெயர், இறந்த நாள் ஆகியவை செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு படைப்பிரிவின் வரலாற்றைத் தொடங்குவதற்கு இவ்வளவே போதும். இரண்டாம் உலகப் போரின்போது திருகோணமலைத் துறைமுகத்தில் தங்கிய படைகளைப் பற்றி எழுத விரும்புவோரில் பலர் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி நடந்த ஜப்பானிய விமானத் தாக்குதலிலிருந்தே தொடங்குகின்றனர். அன்று சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழுந்த பிரித்தானிய ஹரிகேன் போர் விமானங்களைப் பற்றியும், மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றவர்கள், அவர்களுக்குச் சோறு சமைத்தவர்கள், லொறி ஓட்டியவர்கள், குண்டு விழுந்த குழிகளை மூடியவர்கள் ஆகியோரைப் பற்றி நான் தேடிய வரையில் தமிழில் கிடைப்பது மிகக் குறைவு. ஆகவே முதன்முதலாக எழுதுவோர் ஒரு மருத்துவப் பிரிவையோ வழங்கல் பிரிவையோ எடுத்துக்கொள்வதே நல்லது.

கல்லில் உள்ளதை உள்ளபடியே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். மாரிமழையில் நனைந்த ஒரு கொப்பியில் பேனா மை கரைந்து, ஒரு முழுநாள் வேலையை நான் இழந்திருக்கிறேன். சுவடிக்கூடங்களின் வாசிப்பு அறைகளிலும் பென்சிலுக்கே இடமுண்டு. சுருக்க எழுத்துக்களை அந்த இடத்திலேயே ஊகித்து விரித்து எழுத வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் படமெடுத்தால் தேய்ந்த எழுத்துக்களும் தெரியும். பின்னர் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத் தரவுத்தளத்தில் அந்தப் பெயரைத் தேடி, அதே படையைச் சேர்ந்தவர்கள், அதே வாரத்தில் இறந்தவர்கள் என்று வட்டத்தை மெல்ல விரித்துச் செல்லுங்கள்.

அடுத்து வருவது சொற்களின் சிக்கல். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. ரெஜிமென்ட் என்ற சொல் காலாட்படையில் பல பட்டாலியன்களுக்கு, அதாவது பல நூறு வீரர் கொண்ட பிரிவுகளுக்கு, தாயாக விளங்கும் ஓர் அமைப்பைக் குறிக்கிறது. பிரித்தானியப் பீரங்கிப் படையிலோ அதே சொல் ஏறத்தாழ ஒரு பட்டாலியன் அளவே உள்ள தனிப் பிரிவைக் குறிக்கிறது. கோர் என்பதும் அவ்வாறே: மருத்துவக் கோர் என்றால் ஒரு தொழிற்குடும்பம், போர்க்களத்துக் கோர் என்றால் ஒவ்வொன்றும் பல ஆயிரம் வீரர் கொண்ட டிவிஷன்கள் பல சேர்ந்த பெரும்படை. நம் நாட்டுச் செய்தித்தாள்களில் படைப்பிரிவு என்ற சொல் டிவிஷனுக்கும் வருகிறது, சிறு குழுவுக்கும் வருகிறது. எனவே எந்தத் தமிழ்ச்சொல்லை எதற்கு வழங்குகிறீர்கள் என்பதை முதற் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, கடைசி வரை அதை மாற்றாதிருங்கள்.

இவற்றுள் மிகவும் ஏமாற்றும் சொல் ஃபீல்ட் அம்புலன்ஸ் என்பதாகும். அதை வண்டி என்று மொழிபெயர்த்த கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படியே எழுதி, அச்சான பிறகு வருந்தினேன். அது வண்டியன்று, மருத்துவர்கள், தூக்குப்படுக்கை சுமப்போர், சமையலாளர், சாரதிகள் எனப் பலர் அடங்கிய, இடம்பெயர்ந்து செல்லும் ஒரு முழு மருத்துவப் பிரிவு. முதலாம் உலகப் போரில் பிரித்தானிய ஃபீல்ட் அம்புலன்ஸ் ஒன்றில் 10 அதிகாரிகளும் அதிகாரிகள் அல்லாத ஏனைய தரத்தினர் 224 பேரும் இருந்தனர். காயமுற்றவர் முதலில் பட்டாலியனின் முதலுதவி நிலையத்துக்கும், அங்கிருந்து ஃபீல்ட் அம்புலன்ஸ் நடத்தும் சிகிச்சை நிலையங்களுக்கும், பின்னர் காயக்காரரைத் தரம்பிரிக்கும் நிலையத்துக்கும், முடிவில் பொது இராணுவ மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்பட்டார். நீங்கள் எழுதும் பிரிவு இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் இருந்தது என்பதை அறியாமல் அதன் வேலையை விளக்க முடியாது.

பெயர்களுக்கும் வயதுண்டு என்பதை அறிந்தால் ஆவணங்களைச் சோதிப்பது எளிதாகும். பிரித்தானியாவின் றோயல் இராணுவ மருத்துவக் கோர் 1898 இல் அமைந்தது. இந்திய இராணுவ மருத்துவக் கோர் 1943 ஏப்ரலில்தான் உருவானது. ஆகவே 1942 இல் இங்கிருந்த இந்தியத் தாதிச் சிப்பாய் ஒருவரை அந்தக் கோரைச் சேர்ந்தவர் என்று ஒரு குறிப்புச் சொன்னால், அது பிற்காலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; அன்று அவர் இந்திய மருத்துவமனைக் கோரைச் சேர்ந்தவராகவே இருந்திருப்பார். இயந்திரங்களையும் வாகனங்களையும் பழுதுபார்த்த றோயல் மின், இயந்திரப் பொறியியலாளர் கோரும் 1942 ஒக்டோபரில் தோன்றியதே.

இனி போர் நாட்குறிப்பு. பிரித்தானியப் படைகளின் ஒவ்வொரு பிரிவும் போர்க்காலத்தில் சி 2118 என்னும் படிவத்தில் அன்றாடக் குறிப்பு எழுதியாக வேண்டியிருந்தது. இடம், திகதி, மணி, நிகழ்வுகளின் சுருக்கம், பின்னிணைப்பு எண் என அதில் நிரல்கள் இருக்கும். லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் தென்கிழக்காசியக் கட்டளைக்கு உட்பட்ட படைகளின் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 172 என்ற தொகுதியிலும், மருத்துவப் பிரிவுகளின் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 177 என்ற தொகுதியிலும் உள்ளன. லண்டன் செல்ல இயலாதவர்கள் கட்டணம் செலுத்திப் பிரதி பெறலாம்.

மருத்துவப் பிரிவின் நாட்குறிப்பை வாசிக்கும்போது பரபரப்பைத் தேடாதீர்கள். அன்று எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர், அவர்களில் மலேரியாவுக்கு எத்தனை பேர், குடிநீர் எங்கிருந்து வந்தது, கொசுவலை போதுமானதாக இருந்ததா என்ற வரிகளில்தான் அப்பிரிவின் உண்மையான வாழ்வு இருக்கிறது. குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை என்று மட்டும் எழுதப்பட்ட நாட்களையும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை எழுதியவர் பெரும்பாலும் ஓர் இளநிலை அதிகாரி என்பதையும், சில வேளை நாட்கள் கழித்தே எழுதினார் என்பதையும், அதிகாரிகளின் பெயர்களே அதில் வரும், சிப்பாய்களின் பெயர்கள் அரிதாகவே வரும், நம்மூர்க் கூலியாட்களின் பெயர்கள் அநேகமாக வரவே வரா என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

அந்த இடைவெளியை நிரப்ப இலங்கை ஆவணங்களிடம் வர வேண்டும். 1881 இல் இலங்கை இலகு காலாட் தொண்டர் படையாகத் தொடங்கி, 1910 இல் இலங்கைப் பாதுகாப்புப் படை என்று பெயர் பெற்ற அமைப்பு, 1949 ஒக்டோபர் 10 இல் இலங்கை இராணுவம் உருவாகும் வரை நீடித்தது. அதன் பீரங்கி, மருத்துவ, பொறியியல், வழங்கல் பிரிவுகளின் நியமனங்களை அரசாங்க வர்த்தமானிகளில் காணலாம். கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வர்த்தமானிகளும், நிர்வாக அறிக்கைகளும், அக்காலச் செய்தித்தாள்களும் உள்ளன. ஒரு பிரிவின் வரலாறு அதன் முகாமோடு முடிவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்: இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்ட இலங்கைக் கோட்டைப் பீரங்கிப் படையினர் சிலர் 1942 மே மாதத்தில் கிளர்ந்தெழுந்தனர், அவர்களில் கிரேஷன் பெர்னாண்டோ உள்ளிட்ட மூவர் அதே ஆண்டு ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர்.

முதியவர்களின் நினைவு இன்னொரு சுவடிக்கூடம். அது வேகமாக மூடப்பட்டு வருகிறது. அவர்களிடம் ஆண்டைக் கேட்டுத் தொல்லைப்படுத்த வேண்டாம். வருடப்பிறப்புப் பலகாரத்துக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்த கிழமையில் குண்டு போட்டார்கள், அம்மா உலக்கையைப் போட்டுவிட்டு எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினா என்று ஓர் அம்மம்மா சொன்னால், ஏப்ரல் 9 ஆம் திகதி சித்திரைப் பிறப்புக்கு ஒரு சில நாட்களே முந்தியது என்பதால், அவரது நினைவு ஆவணத்தோடு ஒத்துப்போகிறது. அவர் சொன்ன சொற்களை அவர் பேசிய தமிழிலேயே எழுதுங்கள். செந்தமிழாக்கினால் சாட்சியம் உங்களுடையதாகிவிடும்.

பிரட்றிக் கோட்டையும் கடற்படைத் தளமும் இன்றும் படைகள் இருக்கும் இடங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பழைய கட்டடங்களைப் பார்க்கலாம் என்றாலும், அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது. கடற்படைத் தளத்தினுள் இருக்கும் ஹூட்ஸ் ரவர் அருங்காட்சியகத்துக்கும் முன்னரே அனுமதி கேட்க வேண்டும். 1983 க்குப் பிந்திய போர்க்காலப் பிரிவுகளைப் பற்றியோ, 1990 மார்ச் 24 இல் இத்துறைமுகத்திலிருந்து இறுதியாகப் புறப்பட்ட இந்திய அமைதிப்படையைப் பற்றியோ எழுதுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சொன்னவரும் சொல்லப்பட்டவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊர் இது. எழுத்தில் சம்மதம் பெறாமல் எவர் பெயரையும் போடாதீர்கள். சம்மதம் தந்தவரும் பின்னர் வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி நீக்கிவிடுங்கள்.

எழுதும்போது நாள் வரிசையே சிறந்த முறை. பிரிவு எப்போது, எங்கே அமைக்கப்பட்டது, எவருடைய கட்டளையின் கீழ் இருந்தது, எந்த நாளில் திருகோணமலைக்கு வந்தது, எந்த நாளில் எங்கே புறப்பட்டது என்பவை முதலில் வரட்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எது ஆதாரம் என்பதை ஓரத்தில் குறித்து வாருங்கள். ஆதாரம் இல்லாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். முடித்ததும் ஒரு பிரதியைத் திருகோணமலைப் பொது நூலகத்துக்குக் கொடுங்கள். இன்னொன்றை ‘நூலகம்’ என்னும் இணைய எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள். கல்லறையிலிருந்து நீங்கள் பென்சிலால் எழுதி வந்த கொப்பியையும் அதனுடன் சேர்த்தே கொடுங்கள். அதில் உள்ள ஒரு இலக்கத்தை அடுத்து வருபவர் உங்களைவிடச் சரியாக வாசிக்கக்கூடும்.