குளிரில் கார் ரேடியோ மக்கர் செய்தால்: பலரும் செய்யும் தவறுகள்

கனடாவில் டிசம்பர் பிறந்ததும் கார் ரேடியோ பற்றிய புலம்பல்களும் ஆரம்பித்துவிடும். திரை எரியவில்லை, ஸ்டேஷன் கிடைக்கவில்லை, ஸ்பீக்கர் கரகரக்கிறது, பாடிக்கொண்டே இருந்தது திடீரென்று அணைந்துபோய்விட்டது. உடனே பலர் புது ரேடியோ என்ன விலை என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. குளிரில் முதலில் தளர்வது பேட்டரி, அடுத்தது ஆன்டெனா. ரேடியோ பெட்டியைச் சந்தேகப்படுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரியைப் பார்க்காமல் டேஷ்போர்டைக் கழற்றுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மைனஸ் 18 டிகிரியில் சாதாரண லெட் ஆசிட் பேட்டரியின் சக்தியில் ஏறக்குறைய பாதி போய்விடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டிருக்கும் என்பதால் ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தைவிட அதிகமாகக் கரண்டை இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிட, ரேடியோ அணைந்து மறுபடி முதலிலிருந்து எழுந்திருக்கும், அல்லது நேரத்தையும் ஸ்டேஷன்களையும் மறந்துவிடும். புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரி இறங்கியிருந்தால் வண்டியே ரேடியோவை அணைத்துவிடும். எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்காவது மின்சாரம் மிஞ்சட்டும் என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். அதைப் பழுது என்று நினைத்தால் தப்பு.

ஒரு சின்ன மல்டிமீட்டர் இருந்தால் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரியில் நல்ல சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.7 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும் துடைத்துவிடுங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். 10 இருந்த இடத்தில் 20 போடுவது வயரைக் கருக்கும் வேலை.

சில நேரம் ரேடியோவே பேட்டரியைத் தின்னும். வெளியில் வாங்கி மாட்டிய ரேடியோக்களில் மஞ்சள் வயருக்கு எப்போதும் மின்சாரம் வரும், சிவப்புக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும். மாட்டுகிறவர் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டுப் போயிருந்தால், சாவியை எடுத்த பிறகும் ரேடியோ தூங்காது. கோடையில் இது யார் கண்ணிலும் படாது. குளிர்காலத்தில் ரெண்டு நாள் வண்டியை நிறுத்தினாலே ஸ்டார்ட் ஆகாது, திட்டு பேட்டரிக்கு விழும். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கரண்ட் போகக் கூடாது. போனால், ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கி மறுபடி அளந்து பாருங்கள். ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. முழுக்க இறங்கிய பேட்டரி உள்ளே உறைந்துபோகும். பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ அதற்கு இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் மாட்டி ஜம்ப் கொடுக்கக் கூடாது, வெடிக்கலாம்.

'ரீசெட் செய்தால் சரியாகிவிடும்' என்று பேட்டரி வயரைக் கழற்றுகிறவர்களும் நிறைய. ஹோண்டா, அக்யூரா போன்றவற்றின் பழைய மாடல்கள் பலவற்றில் திருட்டைத் தடுக்க ஒரு ரகசிய எண் உண்டு. மின்சாரம் அறுந்து திரும்பி வந்ததும் ரேடியோ அந்த எண்ணைக் கேட்கும். குத்துமதிப்பாக நாலைந்து எண்களைத் தட்டிப் பார்க்காதீர்கள். குறிப்பிட்ட தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும். மேனுவலோடு வந்த சின்ன அட்டையில் எண் இருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டி, அட்டை இல்லை என்றால், ரேடியோவின் சீரியல் நம்பரை எடுத்துக்கொண்டு டீலரிடம் போக வேண்டியதுதான்.

அடுத்து, அவசரம். மைனஸ் 20-ஐத் தாண்டினால் எல்சிடி திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் கெட்டியாகி மந்தமாகும். எழுத்துகள் மங்கும், பழைய படம் மறையாமல் நிழலாக நிற்கும். வண்டிக்குள் சூடு ஏறியதும் தானாகச் சரியாகும். ஹேர் டிரையரைக் காட்டுவதும், விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பதும் நல்ல திரையைக் கெடுக்கும் வழி. தொட்டால் வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களில் சிலர் கையுறையைக் கழற்றியே இருக்க மாட்டார்கள்!

சிடி பிளேயர் உள்ள வண்டியில் ஹீட்டரைப் போட்டவுடன் லென்ஸில் ஈரம் படியும். சிடியை வெளியே எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டால் காய்ந்துவிடும். ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ரப்பரும் குளிரில் விறைத்திருக்கும். முதல் பத்து நிமிடம் பேஸ் (தாழ்ந்த கனமான ஒலி) வரவில்லையே என்று வால்யூமை ஏற்றினால் ஸ்பீக்கருக்குத்தான் கேடு.

சூடேறினால் சரியாகிறது, ஆனால் ஒவ்வொரு வருடமும் அதற்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கிறது என்றால் கதை வேறு. அப்போது ரேடியோவையே சந்தேகப்படலாம். உள்ளே மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர்கள் வயதாகி உலர்ந்திருக்கும், அல்லது சால்டரிங்கில் (ஈயப் பற்றவைப்பில்) மயிரிழை விரிசல் விட்டு, குளிரில் சுருங்கும்போது தொடர்பு அறுந்துகொண்டிருக்கும். கபாசிட்டர் விலை சில்லறைக் காசுதான், கூலிதான் அதிகம். சொந்தமாக சால்டரிங் தெரியாதவர்களுக்கு, பழைய ரேடியோ என்றால் மாற்றிவிடுவதே லாபம்.

பாட்டு புளூடூத்தில் நன்றாக வருகிறது, ஸ்டேஷன் மட்டும் இழுக்கவில்லை என்றால் ஆன்டெனாவிடம் போங்கள். பல கார்களில் ஆன்டெனா பின்பக்கக் கண்ணாடியில் கோடுகளாக ஓடுகிறது. உள்பக்கம் படிந்த பனியை பிளேடால் சுரண்டினால் கோடு அறுந்து, வரவேற்பும் போகும். பழைய பவர் ஆன்டெனா என்றால், கார் வாஷ் முடிந்து குளிரில் நின்ற வண்டியில் கம்பி உறைந்திருக்கும். ரேடியோவைப் போட்டால் மோட்டார் முக்கி முக்கிப் பல்சக்கரம் உடையும். கூரையில் ஈரப்பனி அப்பியிருந்தால் சேட்டலைட் ரேடியோ சிக்னல் தடைபடும், தட்டிவிட்டால் போதும். சாலையில் கொட்டும் உப்பு ஆன்டெனா அடிப்பாகத்தை அரிப்பதையும் மறக்க வேண்டாம், அங்கே எர்த் கெட்டால் வரவேற்பும் கெடும்.

ஏஎம்மில் ஒரே இரைச்சல் என்றால் பின்கண்ணாடி ஹீட்டர், சீட் ஹீட்டர், லைட்டர் துளையில் செருகிய சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அந்த மலிவு சார்ஜர்தான் பாதி நேரம் குற்றவாளி.

இரைச்சலுக்குப் பதில் வேறு ஊர்ப் பேச்சு குறுக்கே வந்தால் எதையும் கழற்றாதீர்கள். வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் இருக்கிறது. பகலில் ஏஎம் அலைகளை உறிஞ்சும் அதன் கீழ் அடுக்கு, சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். அலைகள் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி பல நூறு கிலோமீட்டர் பாயும். டொராண்டோவில் டிசம்பரில் மாலை 4:40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடுவதால், வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமே வானொலிக்கு ராத்திரி. 1010 கிலோஹெர்ட்ஸில் டொராண்டோவுக்கும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, நியூயார்க்குக்கும் ஒன்று இருக்கிறது. நகரத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக ஒன்றின் மேல் ஒன்று ஏறலாம். மறுநாள் மதியம் அதே இடத்தில் அதே ஸ்டேஷனை வைத்துப் பாருங்கள். தெளிவாகக் கேட்டால் உங்கள் ரேடியோவில் ரிப்பேர் செய்ய எதுவும் இல்லை.