பதிவிறக்கம் ஆகவில்லையா? மறுபடி அழுத்துவதற்கு முன் இதைப் பாருங்கள்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் நவம்பரில், திருவாரூர், மன்னார்குடி, பாபநாசம் பக்கத்து இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதும். வீட்டில் கணினி வைத்திருப்பவர்களும் அங்கே வரிசையில் நிற்பார்கள். கேட்டால், காப்பீட்டுக்குத் தேவையான நில ஆவணத்தைச் சொல்லி, "சிட்டா இறங்கவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. பெரும்பாலான நேரம் அந்தக் கோப்பு அவர்கள் கணினியிலேயே இறங்கி உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழியை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

படி 1: பட்டியலைத் திறவுங்கள்

குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் எதுவானாலும் சரி, விசைப்பலகையில் கன்ட்ரோலை அழுத்தியபடி ஜே எழுத்தைத் தட்டுங்கள். இதுவரை இறக்கியவற்றின் பட்டியல் வரும். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய ஃபோல்டர் படம் இருக்கும். அதைச் சொடுக்கினால் கோப்பு சேமிக்கப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய் விடும். வேறு இடம் சொல்லியிருக்காவிட்டால் அது டவுன்லோட்ஸ் ஃபோல்டராகத்தான் இருக்கும்.

அங்கே ஒரே பெயரில், பின்னால் (1), (2), (3) என்று எண் சேர்ந்து பல கோப்புகள் தெரிந்தால், நீங்கள் பொத்தானை அழுத்திய ஒவ்வொரு முறையும் கோப்பு ஒழுங்காக வந்திருக்கிறது என்று பொருள். அரசு இணையதளங்களிலிருந்து வருபவை வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு வருவதும் உண்டு. "சிட்டா" என்று தேடினால் அகப்படாது. தேதி வாரியாக அடுக்கி, மேலே இருப்பதைத் திறந்து பாருங்கள்.

படி 2: பட்டியலிலேயே இல்லை என்றால்

இதற்கு இரண்டு காரணங்கள் அதிகம்.

ஒன்று, பிடிஎஃப் கோப்பு பிரவுசருக்குள்ளேயே திறந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரிகிறதே, வந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுகிறோம். உண்மையில் அது சேமிக்கப்படவே இல்லை. மூடுவதற்கு முன் மேலே வலப்பக்கம் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்த வேண்டும். அம்புக்குறி இல்லாத பக்கமானால் கன்ட்ரோலுடன் பி தட்டி, பிரிண்டர் பெயர் இருக்கும் இடத்தில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மற்றொன்று, கோப்பு புதிய சாளரத்தில் திறக்க முயன்று, பிரவுசர் அதைத் தடுத்திருக்கிறது. முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சிவப்புக் குறியுள்ள சிறு படம் தோன்றியிருக்கும். அதைச் சொடுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பிறகு ஓடிபி உட்பட எல்லாவற்றையும் மறுபடி கொடுக்க வேண்டி வரலாம். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஒருமுறை அனுமதித்தால் அடுத்த முறை இந்தத் தொல்லை இல்லை.

படி 3: இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். நிறையப் பேர் பார்க்காமல் விடுவது இதைத்தான். பல பக்கங்கள் உள்ள ஆவணம் ஒன்றிரண்டு கிலோபைட் மட்டுமே இருந்தால், உங்களுக்கு வந்தது ஆவணமே அல்ல. தளம் அனுப்பிய பிழைச் செய்தி, பிடிஎஃப் பெயரைப் போட்டுக்கொண்டு சேமிக்கப்பட்டிருக்கிறது. வலது சொடுக்கி நோட்பேடில் திறந்தால், முதல் வரியிலேயே கோண அடைப்புக்குள் எச்டிஎம்எல் என்ற எழுத்துகள் தெரியும். பக்கத்தில் உள்நுழைந்து நெடுநேரம் சும்மா இருந்துவிட்டால் இப்படி ஆவது வழக்கம். வெளியேறி, மறுபடி நுழைந்து, உடனே இறக்குங்கள்.

கடவுச்சொல் கேட்டால் பதிவிறக்கத்தில் பழுதில்லை. மின்-ஆதாருக்கு, ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளைப் பெரிய எழுத்தில் இட்டு, இடைவெளி விடாமல் பிறந்த ஆண்டைச் சேர்க்க வேண்டும். ஜிப் கோப்பானால் வலது சொடுக்கி 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுங்கள்.

படி 4: பாதியில் நின்றுவிடுகிறது

கோப்புப் பெயரின் கடைசியில், குரோமிலும் எட்ஜிலும் 'சிஆர்டவுன்லோட்' என்றும், ஃபயர்பாக்ஸில் 'பார்ட்' என்றும் இருந்தால் அது அரைகுறைக் கோப்பு. பெயரை மாற்றித் திறக்க முயல வேண்டாம். பட்டியலில் 'ரெஸ்யூம்' இருந்தால் அழுத்துங்கள். தளம் இடம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், இல்லையென்றால் முதலிலிருந்துதான்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் நம் பக்கம் மின்சாரம் போய்ப் போய் வரும். மடிக்கணினி பேட்டரியில் ஓடினாலும் ரூட்டர் அணைந்துவிடும், பதிவிறக்கமும் அறுந்துபோகும். ரூட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்கி வைப்பது நல்லது என்பேன். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினாலும், அது தானாக உறக்கத்துக்குப் போனாலும் இதே கதிதான். பெரிய கோப்பு இறங்கி முடியும்வரை திறந்தே வையுங்கள்.

நிற்கவே இல்லை, மெதுவாகத்தான் வருகிறது என்பதும் உண்டு. 40 மெகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு அதிகபட்சம் 5 மெகாபைட்தான்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுக்க வேண்டும். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் 300 மெகாபைட் இருந்தால் எல்லாம் சரியாக இருந்தாலே ஒரு நிமிடம் பிடிக்கும்.

படி 5: இடம் இருக்கிறதா?

'டிஸ்க் ஃபுல்' என்று வந்தால் சி டிரைவைப் பாருங்கள். பட்டை சிவப்பாக இருந்தால் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள், டவுன்லோட்ஸில் இரட்டை இரட்டையாகக் கிடப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். பென் டிரைவில் இடம் இருந்தும் பெரிய வீடியோ ஏறவில்லை என்றால், அது ஃபேட்32 (FAT32) என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கக்கூடும். அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே கோப்பை வைக்க முடியாது.

படி 6: பிரவுசர் எச்சரித்தால்

சிட்டாவோ ஹால் டிக்கெட்டோ பிடிஎஃப் ஆகத்தான் வரும். அந்தப் பெயரில் 'இஎக்ஸ்இ' (.exe) என்று முடியும் நிரல் கோப்பு வந்து, பிரவுசர் அதைத் தடுத்தால் தடுத்தபடியே விடுங்கள். 'கீப்' பொத்தானை அழுத்தாமல் அழித்துவிட்டு, முகவரிப் பட்டையில் இருப்பது உண்மையான அரசுத் தளமா, சிட்டாவானால் tn.gov.in என்பது தளப் பெயரின் கடைசியில், அதாவது முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால், சரியாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் வரவில்லை என்றால் அதே இணைப்பை வேறொரு பிரவுசரிலும், கைப்பேசி டேட்டாவிலும் திறந்து பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் கோளாறு தளத்தில்தான். கடைசி நாள் நெருக்கடியில் அது திணறிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் முயன்று பாருங்கள்.