ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப்: என் அனுபவம்

எங்கள் அலுவலக பில் மெயில்கள் வாடிக்கையாளர்களின் ஸ்பாமில் போய் விழுந்தன. சர்வரையே மாற்றச் சொன்னார்கள். அவசரம் வேண்டாமென்று, ஜிமெயிலுக்கு வந்த ஒரு மெயிலின் முழு ஹெடரை (மெயில் வந்த வழியையும் சோதனை முடிவுகளையும் காட்டும் பகுதி) திறந்து பார்த்தேன். எஸ்பிஎஃப் (நம் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு) 'பெர்ம்எரர்', அதாவது நிரந்தரப் பிழை, என்று இருந்தது. டொமைனின் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ்ஸில் பார்த்தால் இரண்டு எஸ்பிஎஃப் வரிகள்: பழைய ஹோஸ்டிங்குக்கு ஒன்று, புதிய பில்லிங் சேவைக்கு ஒன்று. விதிப்படி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டின் இன்க்ளூட்களையும் (அனுமதி பெற்ற சேவைகளைச் சுட்டும் பகுதிகள்) ஒரே வரியில் சேர்த்து மற்றதை அழித்தேன். அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினாலும் இதே பிழை வரும், அதையும் எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் விதி) இரண்டையும் போட்டேன். ஜிமெயில் கணக்குகளுக்குத் தினம் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களிடம் 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எஸ்பிஎஃப் உட்பட இம்மூன்றையும் கேட்கிறது. சின்ன அலுவலகத்துக்கும் இது அவசியம் என்பேன். இப்போது பில்கள் இன்பாக்ஸுக்கே போகின்றன.